கேட் வரும்வரை அழலாம்

எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கை பஸ்ஸிலேயே வெட்டித் தீர்த்துவிட வேண்டும். தின்பண்டத்தைக் கம்பெனி கேட்டுக்குள் விட மாட்டார்கள். இன்னொன்று, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டவளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. ஷிஃப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்ட எங்களுக்கு அது பெரிய மரியாதை.

என்னுடைய ஒரு பிறந்தநாளில் இரண்டு சட்டமும் ஒன்றாகத் தேவைப்பட்டன.

எனக்கு போலீஸ் வேலை என்றால் பைத்தியம். பள்ளிக்கூட விழாவுக்குக் காக்கி உடுப்பில் வந்த பெண் இன்ஸ்பெக்டரைப் பார்த்த அன்று பிடித்தது. ஆள் எடுக்கும்போதெல்லாம் எழுத்துத் தேர்வில் தேறிவிடுவேன். ஓட்டத்தில் ஒன்றிரண்டு நொடியில் கோட்டை விடுவேன். ஷிஃப்ட்டுக்கு முன்னாலோ பின்னாலோ, போனில் நேரம் வைத்துக்கொண்டு பென்னலூர் ரோட்டில் ஓடாத நாளில்லை. அந்தப் பிறந்தநாளோடு வயது வரம்பு முடிந்தது. வீட்டில் யாருக்கும் அந்த வரம்பு நினைவில்லை. நானும் மூச்சு விடவில்லை.

பஸ் கிளம்பியதும் கேக் வெட்டினோம். கன்னம், நெற்றி, மூக்கு என்று எங்கும் கிரீமைப் பூசிவிட்டு, எத்தனை வயசு என்று கேட்டார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

கிரீம் கண்ணில் பட்டுவிட்டது என்று அவர்களாகவே முடிவு கட்டி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். அவர்கள் கழுவக் கழுவ நான் அழ, நான் அழ அழ அவர்கள் கழுவ, சுடிதார் தொப்பலாக நனைந்துவிட்டது. கம்பெனியில் அசெம்பிளி லைனில் என் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கு மட்டும் என் ஓட்டக் கதை தெரியும். அவர் பாட்டில்களை விலக்கி, தன் துப்பட்டாவை எடுத்து என் தலைமேல் போட்டார்.

"கேட் வர்ற வரைக்கும் டைம் கீது. நல்லா அழு."

அழுதேன். வெட்கமே இல்லாமல், அவர் துப்பட்டாவிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். தினமும் நாங்கள் வாய் நிறையத் திட்டும் கன்டெய்னர் லாரிகள் அன்றும் ஒரகடம் சந்திப்பை அடைத்துக்கொண்டு நின்றன. வாழ்க்கையில் முதல் முறையாக அவை நகரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். கேட் வந்தபோது அழுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. நல்ல பசி இருந்தது. கேக்கில் ஒரு துண்டுகூட வைக்காமல் தின்றிருந்தார்கள். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

மறுநாள் லீவு. அலாரம் வைக்காமல்தான் படுத்தேன், ஆனால் கால்கள் கேட்டால்தானே. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடினேன். வழியில் ஒரு டீக்கடை உண்டு. அத்தனை வருஷமாக அதைத் தாண்டி ஓடியிருக்கிறேனே தவிர, நின்றதில்லை. அன்று நின்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு நின்னுட்ட?"

"இனிமே அவசரம் இல்லண்ணா," என்றேன். இஞ்சி தட்டிப் போடச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.