தளத்தில் கட்டிய தண்ணீர்

கமருன்னிஸா கடையில் வாங்கி வந்த கறியை வீட்டில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பாள். அவள் கணவர் ஜெகபர் அலிக்கு வலங்கைமான் கடைத்தெருவில் பாத்திரக்கடை. கடைக்குப் புதுத் தராசு வந்தபோது பழையது வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. எடை சரியாக இருந்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. "எலும்பை அள்ளிப் போட்டுட்டான் பாருங்க" என்பாள். சிலிண்டர் கொண்டு வருகிறவர் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் இறக்க வேண்டும். பால்காரர் முன்பாகவே பால் கொதிக்கும்.

இந்த வீட்டின் ஒரே பெண் ஃபஹ்மிதா. தஞ்சாவூரில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவள் அந்தப் படிப்பை எடுத்ததற்கும் வீட்டின் குணம்தான் காரணம். அவர்கள் வீடு கட்டும்போது ஜெகபர் அலி கடையைப் பூட்டிப் போட்டுவிட்டுச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். என்ன நடக்கிறதென்று கடைசி வரை அவருக்குப் புரியவில்லை. "நம்ம வீட்டுல ஒருத்தருக்காவது இது தெரிஞ்சிருக்கணும்" என்று அன்றைக்குச் சொன்னதை மகள் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரியில் கோடையில் ஒரு மாதத் தொழிற்பயிற்சி கட்டாயம். கட்டட வேலை நடக்கிற இடத்தில் இருந்து, கற்று, அறிக்கை எழுதி, இன்ஜினியரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். கமருன்னிஸாவின் அண்ணன் லியாகத் அலி குவைத்தில் இருக்கிறார். ஊர் எல்லையில் பாபநாசம் சாலையில் அவருடைய வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் ராஜசேகர் என்ற இன்ஜினியர். மாமா அவரிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார்.

"ட்ரெய்னிங்கும் ஆச்சு, நம்ம வீட்டு மேல ஒரு கண்ணும் ஆச்சு. என்ன நடந்தாலும் மாமாவுக்குச் சொல்லணும், சரியா?" என்றார் வீடியோவில்.

"சரி மாமா."

இந்தப் பேச்சு ஊரைச் சுற்றி வேலையிடத்துக்கு அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. முதல் நாள் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மேஸ்திரி நாகநாதன் சாரத்தில் நின்றுகொண்டு, "ஏய், பாத்து வேலை செய்யுங்க. குவைத்து கேமரா வந்துருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபஹ்மிதாவும் சிரித்து வைத்தாள். அதற்கப்புறம் அவள் போகும் இடத்தில் எல்லாம் பேச்சு நின்றது. டீ வாளி வரும்போது கும்பலாக உட்காருகிறவர்கள், அவள் வந்தால் குவளையோடு எழுந்துவிடுவார்கள்.

அவள் சேர்ந்ததற்கு முந்தின நாள்தான் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். இது அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. அவள் வருகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் பொறுத்திருக்கலாமே? கலவை மிஷின் அன்றைக்குத்தான் கிடைத்தது என்றார் ராஜசேகர். அவர் அதைச் சொன்னபோது போனைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அவள் கவனித்தாள்.

"தளத்துக்குத் தண்ணி கட்டுறதை இனிமே நீங்க பாத்துக்குங்க" என்றார் ராஜசேகர். "மேஸ்திரி, தளத்துல நீங்க தலையிட வேண்டாம். அவங்க பொறுப்பு."

"நான் ஏன் சார் தலையிடப் போறேன்" என்றார் நாகநாதன்.

புதுத் தளத்தில் மண்ணால் வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் தேக்கி வைத்தால்தான் கான்கிரீட் இறுகும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் சிமெண்ட் கொட்டகை கீழே இருக்கும்போது தன்னை மட்டும் மாடிக்கு அனுப்புகிறார்களே என்றுதான் ஃபஹ்மிதாவுக்குப் பட்டது. காலையில் ஒரு தடவை மேலே போவாள், அறிக்கைக்கு ஒரு போட்டோ எடுப்பாள், இறங்கிவிடுவாள். பிறகு பகல் முழுக்கக் கொட்டகை தெரிகிற ஜன்னல் ஓட்டை அருகில் நிற்பாள். கொட்டகைச் சாவி நாகநாதன் இடுப்பில் இருந்தது.

மேலே தண்ணீர் விடுகிறவள் எல்லையம்மாள். பக்கத்துக் கிராமத்தில் காலமெல்லாம் நடவும் களையெடுப்புமாக இருந்தவள். நடவு மிஷின் வந்து ஆள் தேவை குறைந்ததும் சித்தாளாக வந்துவிட்டாள். மணல் சுமந்திருக்கிறாள், கல் சுமந்திருக்கிறாள். தளத்துக்குத் தண்ணீர் கட்டுவது இதுதான் முதல் தடவை. அவள் போட்ட வரப்புகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன. ஃபஹ்மிதாவோடு பேசத் தயங்காத ஒரே ஆளும் அவள்தான்.

"என்ன பாப்பா, படம் புடிச்சாச்சா? என்னையும் சேத்துப் புடிக்கிறதுதானே?"

"நாளைக்கு எடுக்குறேங்க்கா" என்று சொல்லிக்கொண்டே ஃபஹ்மிதா படியிறங்கியிருப்பாள்.

சில நாள் காலையில் பாத்திகள் நிரம்பிக் கிடக்கும். சில நாள் ஒரு சொட்டு இருக்காது, தளம் வெளுத்துக் கிடக்கும்.

"தண்ணியக் காணோமேக்கா?"

"இந்தா, இப்ப விட்டுடுறேன்" என்று எல்லையம்மாள் மோட்டாரைப் போட ஓடுவாள்.

அப்படிக் காய்ந்திருந்த ஒரு காலையில்தான் ஃபஹ்மிதா விரிசல்களைப் பார்த்தாள். தலைமுடி அகலம்தான், ஆனால் நிறைய. கீழே இறங்கி வீட்டைச் சுற்றி வந்தாள். பின்பக்கச் சுவரில், தளத்திலிருந்து தரை வரைக்கும் ஈரம் கோடாக இறங்கியிருந்தது. தேக்கிய தண்ணீர் தங்கவில்லை, தளத்தில் வெடிப்பு, சுவரில் ஈரம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தளம் ஒழுகுகிறது. புதுத் தளம் ஒழுகினால் சிமெண்ட் குறைவு. குறைந்த சிமெண்ட் எங்கே போயிருக்கும்?

"மேஸ்திரி, தளம் ஒழுகுதா?" என்று நேராகவே கேட்டாள்.

நாகநாதன் பூச்சுக் கரணையைக் கீழே வைத்தார். "நான் போட்ட தளம் ஒழுகினதே இல்ல பாப்பா."

"அப்ப பின்பக்கச் சுவர்ல ஈரம்?"

"மோட்டாரை நிறுத்த மறந்திருக்கும் அந்தப் பொம்பள. தொட்டி வழிஞ்சிருக்கும்."

"மேல வந்து ஒரு தடவை பாருங்களேன்."

"நான் அங்க வரக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. வந்தா அதையும் போட்டோ எடுப்பீங்க. எனக்கெதுக்கு?"

மடியில் கனம் இல்லாதவன் இப்படியா பேசுவான் என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் நாகநாதன் தன் மொபெட்டின் பின்னால் ஒரு பொதியைக் கட்டி, அதன் மேல் பழைய லுங்கியைப் போர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். ஜன்னல் ஓட்டை வழியாக ஃபஹ்மிதா படம் எடுத்தாள். விரிசல், ஈரம், மொபெட் எல்லாப் படமும் குவைத்துக்குப் போயின.

"மாமா, எனக்கென்னமோ சிமெண்டைக் குறைச்சுப் போட்டிருக்காங்கன்னு தோணுது."

அவள் தோணுது என்றுதான் சொன்னாள். குவைத் போய்த் திரும்பி வருவதற்குள் அது தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் காலை ராஜசேகர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து லியாகத் அலியின் குரலைப் போனில் ஓடவிட்டார்.

"சிமெண்ட் திருடுற மேஸ்திரி என் எடத்துல நிக்கக் கூடாது. அவன் நின்னா நீங்களும் நிக்க வேணாம். வேற இன்ஜினியரை நான் பாத்துக்கிறேன்."

நாகநாதன் நாகப்பட்டினத்துக்காரர். சுனாமியில் அப்பாவின் படகு போனபோது அவருக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள். குடியிருப்பு கட்ட வந்தவர்களிடம் கலவை சுமக்கப் போய், கொத்தனாராகி, மேஸ்திரியாகி, மாமனார் ஊரான இங்கேயே தங்கிவிட்டார். இந்த வட்டாரத்து இன்ஜினியர்கள் எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரியும். சிமெண்ட் திருடினார் என்று ஓர் இடத்திலிருந்து இறக்கினால் இன்னோர் இடத்தில் ஏற்ற மாட்டார்கள்.

"பாப்பா, நான் சிமெண்ட எடுத்ததை நீ பாத்தியா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

"வண்டியில மூட்டை போச்சு."

"மூட்டைக்குள்ள பாத்தியா?"

ராஜசேகர் இருவரையும் பார்க்காமல், "இன்னைக்குப் பூச்சு வேலைய முடிச்சுக் குடுத்துடுங்க மேஸ்திரி. நாளைக்கு வேற ஆளு வருது. நான் என்ன பண்றது, சொல்லுங்க" என்றார்.

வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்கு ஃபஹ்மிதா வீட்டுக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை. மூட்டைக்குள் பார்த்தாயா என்ற கேள்வி அவளை விடவில்லை. இன்னும் நாலு விரிசலைப் படம் எடுத்தால் தான் சொன்னது சரியென்று ஆகிவிடும் என்று உச்சிவெயிலில் மாடியேறினாள்.

எல்லையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் வரப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி விட்டுக்கொண்டிருந்தாள். பாத்தியிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் இறங்கி, ஓரத்தில் மழைநீர்க் குழாய்க்காக விட்டிருந்த ஓட்டை வழியாகப் பின்பக்கச் சுவரில் வழிந்தது.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"வடிய விடுறேன் பாப்பா. நேத்துலேருந்து ஒரேயடியா நிக்கிது."

"ஏன் வடிக்கிறீங்க?"

"ஏனா? காய வேணாமா? எந்நேரமும் தண்ணியே கட்டிக் கெடந்தா ஊறிப் போயிராது? காயப் போட்டு, லேசா வெடிப்பு கண்டதும் மறுபடி தண்ணி விட்டா கிண்ணுன்னு நிக்கும். வயலுக்கே ஆபீசருங்க வந்து சொல்லிட்டுப் போனாங்களே, காய்ச்சலும் பாய்ச்சலுமா இருக்கணும்னு."

"இது நெல்லு இல்லக்கா!"

"நெல்லு இல்லேன்னு எனக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு?" எல்லையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி கட்டுன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டுறேன். எப்படிக் கட்டணும்னு யாரு சொன்னா? நீ தெனம் வந்து படம் புடிச்ச, போன. வெடிப்பு உளுந்தப்பகூட உத்து உத்துப் பாத்தியே, ஒரு வார்த்தை சொன்னியா? சரியாத்தான் பண்றோம்னு இருந்தேன்."

ஃபஹ்மிதா அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மேஸ்திரி வண்டியில என்னக்கா போச்சு?" என்றாள்.

"காலிச் சாக்கு. தச்சு ஆட்டுக் கொட்டாய்க்கு மேல போடப் போறாரு. அந்தச் சாக்கையும் இன்ஜினியரு எடைக்குப் போட்டு வித்துருவாரு, அதான் மூடி எடுத்துட்டுப் போனாரு. எல்லாருக்கும் தெரியும். நீதான் யார்கிட்டயும் எதையும் கேக்கறதில்லையே."

மாடியிலிருந்தே மாமாவைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். தண்ணீர் கட்டுவதைப் பார்த்துக்கொள்வது தன் வேலை, தான் பார்க்கவில்லை, மேஸ்திரி மேல் தப்பில்லை என்றாள்.

"அவன் உங்கிட்ட வந்து அழுதானா?"

"இல்ல மாமா."

"சர்டிபிகேட் தரமாட்டேன்னு ராஜசேகர் சொன்னானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நானே பாத்தேன்."

"நேத்தும் நீயே பாத்துத்தானே படம் அனுப்பினே."

போன் அணைந்தது. அவள் வீட்டுக்குப் போவதற்குள் மாமா தங்கையைக் கூப்பிட்டிருந்தார். கமருன்னிஸா வாசலிலேயே நின்றிருந்தாள். "உன்னைய அங்க பேசி மாத்திட்டாங்கன்னு அண்ணன் சொல்றாரு. நெசமாம்மா? என் தலையில கை வச்சுச் சொல்லு."

"நீயுமாம்மா?" என்றாள் ஃபஹ்மிதா. தலையில் கை வைக்காமல், தொப்பியைக்கூடக் கழற்றாமல், பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெகபர் அலியிடம் போனாள். "அத்தா, நீங்க ஒரு தடவை வந்து தளத்தைப் பாருங்க. எங்க காலேஜ் சாரையும் கூப்பிடுறேன். கான்கிரீட் எவ்வளவு கெட்டின்னு தட்டிப் பாக்குற கருவி அவர்கிட்ட இருக்கு. அதுவரைக்கும் மேஸ்திரிய அனுப்ப வேணாம்னு மாமாகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா இனிமே எடுபடாது."

ஜெகபர் அலி சொன்னார். நாகநாதனுக்கு இரண்டு நாள் தவணை கிடைத்தது.

தஞ்சாவூரிலிருந்து விரிவுரையாளர் வந்து தளத்தை இடம் இடமாகத் தட்டிப் பார்த்தார். விரிசல் மேல்தோலில் மட்டும்தான்; உள்ளே பழுதில்லை; சிமெண்டைத் தண்ணீரில் பாலாகக் கரைத்து ஊற்றிவிட்டு, இனியாவது தண்ணீரை வற்றவிடாமல் நிறுத்துங்கள் என்றார். அப்போது ராஜசேகர் எல்லையம்மாள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். ஃபஹ்மிதா குறுக்கே வந்து, "சார், அது என் பொறுப்புன்னு நீங்கதான் சொன்னீங்க. அக்காவுக்கு நான் சொல்லிக் குடுக்கல" என்றாள். எல்லோரும் இருந்தார்கள். அவள் முகம் தொப்பிக்குக் கீழே சிவந்திருந்தது. எல்லையம்மாள், "வடிச்சது நான்தான். அதுக்கு அந்தப் பொண்ணு ஏன் பேச்சு வாங்கணும்" என்று தன் பங்குக்குச் சொன்னாள்.

லியாகத் அலிக்கு அந்தக் கருவியின் மேலும் முழு நம்பிக்கை வரவில்லை. மேஸ்திரி இருக்கட்டும் என்றார். ஆனால் இனி ஒவ்வொரு மூட்டையும் ஃபஹ்மிதா கண்முன்னால்தான் பிரிக்க வேண்டும், அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றார்.

பயிற்சியின் கடைசி வாரத்தில் போர்ட்டிகோவுக்குத் தளம் போட்டார்கள். கலவை மிஷின் சத்தத்துக்கு நடுவே நாகநாதன் முதல் மூட்டையை அவள் காலடியில் இறக்கி, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

"வேண்டாம் மேஸ்திரி. நீங்களே பிரிங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு."

"உன் நம்பிக்கைய வச்சு நான் என்னம்மா பண்றது? அங்க கேக்குறது வீடியோதானே. நீயே பிரி. நாளைக்கு இதுல ஒரு வெடிப்பு வந்தாலும் கை உன் கையா இருக்கட்டும்."

அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். எல்லையம்மாள் போனைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் பாதி வானம்தான் விழுந்தது. மத்தியானம் வரைக்கும் ஃபஹ்மிதா மூட்டை பிரித்தாள். கையும் புருவமும் சாம்பல் நிறமாகின. டீ வாளி வந்தபோது கும்பல் எழுந்து போகவில்லை. நாகநாதன் மட்டும் தன் குவளையை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடித்தார்.