பென்சில் சீவுறது

மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் வகுப்பில் தமிழும் கொஞ்சம் தெலுங்கும்தான் கேட்கும். இப்போது ஒடியா, நேபாளி, இந்தி, பெங்காலி என்று ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது. ஒருவன் சண்டையை ஆரம்பிப்பது ஒரு மொழியில், அழுதுகொண்டு என்னிடம் வந்து நிற்பது இன்னொரு மொழியில். எனக்குத் தலை சுற்றும். பொய் சொல்வானேன், ரொம்ப சந்தோஷமாகவும் இருக்கும்.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். இங்கிலீஷ் பீரியடில் இங்கிலீஷ் மட்டும். வேறு மொழி பேசினால் வகுப்பு லீடர் அவர்கள் பெயரைப் போர்டில் எழுதிவிடுவாள்.

பீகாரிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு மட்டும் இந்தச் சட்டமே தேவைப்படவில்லை. அவள் அப்பா பக்கத்தில் அடுக்குமாடி எழும்புகிற இடத்தில் கம்பி கட்டுகிறார். சேர்ந்து இரண்டு மாதமாகியும் வகுப்பில் அவள் எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை. நானும் படம் காட்டினேன், பாட்டுப் பாடினேன், வெட்கத்தை விட்டுக் குரங்கு மாதிரி குதித்தேன். ம்ஹூம். மாதக் கடைசிக்குள் ஒரு வாக்கியமாவது இங்கிலீஷில் பேசாவிட்டால் இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவேன் என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். அவளோ என் வகுப்பிலேயே உயரமானவள். அந்தக் குட்டி பெஞ்சில் முட்டியை எங்கே வைப்பாள் என்று நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. நான் நோட்டு திருத்திக்கொண்டிருந்தபோது லீடர் எழுந்து போர்டில் ஒரு பெயர் எழுதினாள். அந்தச் சிறுமியின் பெயர். தமிழ் பேசினாளாம்.

என்ன பேசினாள் என்று துள்ளி எழுந்து கேட்டேன், அதுவும் தமிழில்.

"பென்சில் சீவுறது கீதுல்ல, அத்த குடுன்னா மிஸ்," என்றாள் லீடர்.

தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்று கற்றுக்கொண்ட அசல் மெட்ராஸ் தமிழ். எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள் ஒருத்தருக்கும் வராத தமிழ். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு ஓடினேன்.

அவர் மசியவில்லை. நான் கேட்டது இங்கிலீஷ், நீங்கள் தமிழைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறீர்களே என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இங்கிலீஷ் பீரியடில் எதற்குத் தமிழ் பேசினாய் என்று இங்கிலீஷிலேயே அதட்டினார்.

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஃபர்ஸ்ட் ஐ டோல்ட் இங்கிலீஷ் ஒன்லி மேம். ஐ டோல்ட் கட்டர். ஷி நாட் அண்டர்ஸ்டாண்ட்."

அவள் ஊரில் ஷார்ப்னருக்குக் கட்டர் என்றுதான் பெயராம். இவள் கட்டர் என்றதும் பக்கத்துப் பிள்ளை, பாவம், ஏதோ கத்தி கேட்கிறாள் என்று மிரண்டுபோய் பென்சில் பாக்ஸை மூடிவிட்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் விரலை மடக்கி எண்ணினார். "நான் ஒண்ணுதான் கேட்டேன். இவ மூணு வாக்கியம் சொல்லிட்டா," என்றார். சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. நான்காம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கிலீஷும் தெரிகிறது, தமிழும் தெரிகிறது, பிறகு ஏன்டி இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை என்று அவளைக் கேட்டேன்.

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குத்தான மிஸ் பென்சில் ஒடஞ்சிச்சி."