தகரக் கூரை சொன்ன ஈரம்

மண்ணில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சொன்ன பிறகு அதை எங்கே தூக்கிப் போடுவது என்று முடிவு செய்வது மேலே இருப்பவர்களின் வேலை.

வயலுக்கும் ஆபீசுக்கும் நடுவே அலைந்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வலியசாலைத் தெருக்காரி, எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். நகரத்தைச் சுற்றியுள்ள வாழைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன் மேல் ஒரு சின்னக் கருவியைப் பொருத்துகிறேன். உங்கள் போனில் மேப் வழி காட்டுகிறதே, அதற்கு உதவும் செயற்கைக்கோள்களின் சிக்னல்தான் இந்தக் கருவிக்கும் தீனி. அந்தச் சிக்னல் நேராகவும் வரும், தரையில் பட்டுத் திரும்பியும் வரும். ஈரத் தரையில் பட்டது ஒரு மாதிரி இருக்கும், காய்ந்த தரையில் பட்டது வேறு மாதிரி. அந்த வித்தியாசத்தை வைத்து ஈரத்தைக் கணக்கிடுகிறோம். மலிவான கருவி, ஆனால் நல்ல கருவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எந்த அநியாயத்துக்கும் அது பொறுப்பில்லை.

கேட்கும் கம்பம்

தங்கம்மை அக்காவுக்குத் தென்காசிப் பக்கம். கட்டட வேலைக்கு வந்த கணவரோடு இங்கே வந்தவர். கணவர் இறந்த பிறகு, வெள்ளாயணிப் பக்கம் எண்பது சென்ட் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ஏத்தன் என்கிற நேந்திரன் வாழை போட்டிருக்கிறார். எப்போது நீர் பாய்ச்சலாம் என்று விவசாயிகளுக்குப் போனில் சொல்லும் எங்கள் ஆபீசின் திட்டத்துக்கு அந்தப் பகுதியில் முதலில் சம்மதம் சொன்னவர் அவர்தான். நான் அளவெடுக்கப் போன அன்றே அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஒருவர் மொபைல் டவர் என்றார், இன்னொருவர் போலீஸ் கேமரா என்றார். இதன் கதிர் பட்டால் தென்னையில் குரும்பை உதிரும் என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெயிலில் நின்று ஒரு மணி நேரம் விளக்கினேன். தொண்டை வறண்டுவிட்டது. "இது எதையும் வெளியே அனுப்பாது. மேலேயிருந்து வர்றதைக் கேட்கும், அவ்வளவுதான்" என்று முடித்தேன். எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "கேட்குமா? அப்போ நாங்க வீட்டுக்குள்ள வர்த்தமானம் பறைஞ்சு பேசறதும் அதுக்குக் கேக்குமல்லோ?"

ஷூ நனையாத இடம்

கம்பத்தை எங்கே நட வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. சுற்றிலும் திறந்த மண் வேண்டும், பக்கத்தில் பெரிய இரும்போ தகரமோ கூடாது. அக்காவின் தோட்டத்தில் நடுவில் அப்படி ஒரு இடம் இருந்தது. குச்சி அடித்து வைத்திருந்தேன். மறுநாள் எங்கள் புராஜக்ட் மேனேஜர் சார் வந்தார். வரப்பில் இரண்டு அடி வைத்தார், சேற்றைப் பார்த்தார், திரும்பிவிட்டார். ரோட்டோரம் பம்பு ஷெட்டுக்குப் பக்கத்தில் நடச் சொன்னார். பெரியவர்கள் பார்க்க வந்தால் காரிலிருந்து இறங்கியதும் போட்டோ எடுக்கலாமாம்.

பம்பு ஷெட்டுக்குத் தகரக் கூரை, தகரச் சுவர். தகரம் சிக்னலைக் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும், கருவி அதை நனைந்த மண் என்று நினைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். பேப்பரில் படம் போட்டும் காட்டினேன். வயலுக்குள் வந்து பாருங்கள் என்று கெஞ்சவும் செய்தேன். அவர் மலையாளத்தில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை: "மண்ணுல இறங்கித்தான் பாக்கணும்னா, அப்புறம் எதுக்கு சாட்டிலைட்?"

குழாய்

அந்தக் கோபத்தோடு கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தால், எதிர்வீட்டு ராஜம் மாமி காலிக் குடத்தோடு வாசலில் நிற்கிறாள். மூன்று நாளாகத் தெருவில் தண்ணீர் இல்லை. மாமிக்கு நான் சாட்டிலைட் ஆபீசில் வேலை பார்க்கிறேன் என்பது மட்டும் தெரியும். "ஏண்டி, ஊரான் தோட்டத்துல ஈரம் இருக்கான்னு ஆகாசத்துலேர்ந்து பாக்கறயே, நம்மாத்துக் குழாயில ஜலம் எப்போ வரும்னு அதுல தெரியாதோ?"

போதுமான ஈரம்

மார்ச் வெயில் கொளுத்தியது. வாழை குலை தள்ளும் நேரம். அக்காவின் போனுக்குத் தினமும் காலையில் ஆபீசிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போனது: 'மண்ணில் போதுமான ஈரம் உள்ளது. நீர் பாய்ச்ச வேண்டாம்.' பம்பு ஷெட் பக்கத்தில் நட்ட கருவி தகரத்தைப் பார்க்கிறது, மண்ணை அல்ல, செய்தியை நிறுத்துங்கள் என்று நான் மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றுக்கும் 'நோட்டட்' என்ற ஒற்றைச் சொல்தான் பதில். அடுத்த நாளே என்னை நெடுமங்காட்டுப் பக்கம் வேறு தோட்டங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே என்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். அக்காவின் நம்பர் என் போனில் இருந்தது. 'தண்ணி விடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீஸ் பார்த்துக்கொள்ளும், நாம் ஏன் குறுக்கே பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால், இலைகள் மடங்கித் தொங்குகின்றன, ஓரமெல்லாம் கருகல். குலைகள் கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன. சில மரங்கள் தண்டோடு மடிந்து விழுந்துவிட்டன. அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விழுந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "தெனமும் கை வெச்சுப் பாத்தேன் மோளே, காஞ்சுதான் கெடந்தது. நீ படிச்ச பிள்ளையல்லே, உன் மிஷின் தப்பு பறையுமான்னு விட்டுட்டேன்."

தகர டப்பாக்கள்

ரிப்போர்ட் தயாரானது. அதில் ஒரு வரி: 'விவசாயி ஆலோசனைகளை முறையாகப் பின்பற்றாததால் பயிர் பாதிப்பு.' கீழே என் கையெழுத்துக்கு இடம். வரி வரியாகப் பின்பற்றியதுதானே அந்த மனுஷி செய்த ஒரே தப்பு? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நேராகத் தோட்டத்துக்குப் போய், இன்னும் தண்ணீர் பாயாத வரிசைகளில் பத்து இடத்தில் மண்ணெடுத்துச் சின்ன டப்பாக்களில் மூடிக் கொண்டுவந்தேன். எடை போட்டு, லேபில் இருக்கும் அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட்டேன். குறைந்த எடைதான் மண்ணிலிருந்த ஈரம். ஈரம் என்று சொல்லவே கூசும் அளவுதான் இருந்தது.

மேலதிகாரி வந்த ஆய்வுக் கூட்டத்தில் பத்து டப்பாக்களையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். மண் எடுத்த அதே நாளில் எங்கள் கிராஃப் 'நல்ல ஈரம்' என்று காட்டியதையும் பக்கத்தில் வைத்தேன். "கருவி தகரத்தை அளந்திருக்கு சார். செய்தியை நிறுத்துங்கன்னு நான் எழுதின மெயிலெல்லாம் இதோ. தப்பு தங்கம்மை அக்காவோடது இல்லை" என்றேன். மேனேஜர் கூரையைப் பார்த்தார். மேலதிகாரி எல்லாவற்றையும் படித்துவிட்டு, ரிப்போர்ட்டின் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். அதோடு எழுந்து போயிருந்தால் அவரைக் கும்பிட்டிருப்பேன். ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அடுப்புல வெச்சு வறுத்தாலே தெரியும்னா, இந்த சாட்டிலைட்டை யாரு வாங்கச் சொன்னது?"

பெயர்த்து நட்டது

அனுமதிக்குக் காத்திருந்தால் அடுத்த வாழையும் காய்ந்துவிடும். மறுநாள் நானும் அக்காவும் கடப்பாரையோடு இறங்கினோம். கம்பத்தின் அடியில் போட்ட கான்கிரீட் பிடிவாதமாக நின்றது. எனக்கு இருந்த கோபத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மதியத்துக்குள் பெயர்த்து, முதலில் நான் குச்சி அடித்த இடத்திலேயே நட்டோம். அடுத்த சில வாரங்களில் கருவி காட்டிய எண்ணும் டப்பா மண்ணின் எண்ணும் ஒன்றையொன்று ஒட்டி வந்தன. கோடை மழை பெய்த அன்று கிராஃப் ஏறியதைப் போனில் காட்டினேன். அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சந்தோஷப்படவும் விடவில்லை. 'திட்ட உடைமையை அனுமதியின்றி இடம் மாற்றியதற்கு' என்று விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அதை இன்றுவரை கிழிக்காமல் வைத்திருக்கிறேன், பார்த்தால் ரத்தம் சூடாகிறது. அக்காவின் குலைகளில் பாதிக்கு மேல் தேறவில்லை. வாழை இரண்டாவது தடவை குலை தள்ளாது. கருவி சரியானதால் போனது திரும்பிவிடவில்லை. அக்கா அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. கன்று மாற்றி நடும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இப்போ உன் கம்பியும் என் கையும் ஒண்ணுதான் பறையுது, சரி. ஆனா மோளே, இனிமே முதல்ல என் கை, அப்புறம்தான் உன் கம்பி."

ஆகாயத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளின் சிக்னலைக்கூட வாழைத் தோட்டத்து மண்ணுக்குக் கொண்டுவந்துவிடலாம், ஆபீசின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருப்பவரை இறக்கிக் கொண்டுவருவதற்குத்தான் இன்னும் யாரும் கருவி கண்டுபிடிக்கவில்லை.