குரோமியத்தின் இழுபறி

என் மகள் ஆராயும் பொருளின் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் 'விரக்தியுற்ற காந்தம்' என்று வரும். அப்படித்தான் ஒருமுறை என் தங்கையிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் அன்று மாலையே குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பிள்ளைக்கு என்ன மனக்கஷ்டம் என்று என் மனைவியை விசாரித்தாள். அதற்குப் பிறகு 'இழுபறிக் காந்தம்' என்று சொல்லத் தொடங்கினேன். பொருளுக்கும் அதுதான் பொருத்தம்.

மகள் அதை எனக்கு எங்கள் சாப்பாட்டு மேசையை வைத்து விளக்கினாள். மேசையில் மூன்று பேர். ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் மறுத்தாக வேண்டும். பதில்களோ ஆமாம், இல்லை என்று இரண்டுதான். நான் ஆமாம் என்று சொல்லி, அவள் அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால், மகள் எதைச் சொன்னாலும் எங்களில் ஒருவரோடு ஒத்துப்போய்விடும். முக்கோணத்தின் மூலைகளில் இருக்கும் அணுக் காந்தங்களுக்கும் இதே கதி. மற்ற காந்தப் பொருள்களைக் குளிர்வித்தால் அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்துவிடும். இவை அடங்குவதில்லை.

அவளுடைய பொருள் ஒரு பச்சைத் தூள். அதில் காந்தமாக இருப்பது குரோமியம். நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில், ஆற்றுக்குப் போகும் கழிவுநீரில் முப்பத்தொரு வருடம் குரோமியம் அளந்தவன். எங்கள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த பாய், அவள் இந்தத் தூளோடு வெளிநாடு போகிறாள் என்று டீக்கடையில் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா?

"குரோம் பாக்க ஃபாரினுக்கா போவுது பாப்பா? பாலாத்துல கேட்டா ஜாஸ்தியாவே குடுப்பாங்களே, சார்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பயணத்தில்தான் எல்லாமே இருந்தது. ஐந்து வருடமாக அவள் சொல்லிவந்தது ஒன்றே ஒன்று: இந்தத் தூள் எவ்வளவு குளிர்ந்தாலும் அணிவகுக்காது. அதை நியூட்ரானால்தான் உறுதி செய்ய முடியும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம். தூளுக்குள் புகுந்து, அணுக் காந்தங்களால் சிதறி வெளியே வரும். எந்தக் கோணத்தில் எத்தனை வருகிறது என்று கருவி ஒவ்வொன்றாக எண்ணும். அணிவகுப்பு இருந்தால் வரைபடத்தில் புதிதாக ஒரு கூர்முனை எழும்பும். எழும்பினால் ஐந்து வருடம் போச்சு. நியூட்ரான் தரும் வெளிநாட்டு அணு உலையில் இரண்டு முறை விண்ணப்பம் தள்ளுபடியாகி, மூன்றாம் முறை நான்கு நாள் கிடைத்திருந்தது.

அந்த நான்கு நாளும் நான் வீட்டில் இருந்த ஜன்னல் கம்பிகளை எல்லாம் எண்ணினேன். தூளில் கலப்படம் இருக்குமோ, விமானத்தில் டப்பி திறந்துகொண்டிருக்குமோ என்று மனைவியைக் குடைந்தேன். "அவ எண்ணுறது போதாதுன்னு நீங்க வேற" என்றாள். பிறகு, "உங்க புத்திதான் அவளுக்கு" என்றும் சொன்னாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மாலை, டீக்கடையில் இருக்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது. கருவியால் முடிந்த கடைசிக் குளிர் வரைக்கும் போயாகிவிட்டதாம்.

"வரலப்பா. ஒண்ணுமே வரல. கூர்முனைக்குப் பதிலா பரந்த மேடு ஒண்ணுதான். ரெண்டு தபா எண்ணிட்டேன்."

"மூணாவது தபாவும் எண்ணிடும்மா" என்றேன்.

பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், வந்துச்சா?"

"வரல, பாய்."

அவர் என் தோளில் கை வைத்தார். பேஜாராவாதே, அடுத்த முறை வரும் என்றார். வரவே கூடாது என்பதுதான் விஷயம் என்று மேசையையும் மூன்று பேரையும் வைத்து முதலிலிருந்து விளக்கினேன். எங்கள் ஊர் ஆற்றுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த அதே குரோமியத்தில், யாரும் பார்க்காத ஒன்றை என் பெண் பார்த்திருக்கிறாள் என்பதையும் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது டீ சொன்னேன்.

பாய் கிளாஸை வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணுமே வரலன்னு டீ வாங்கித் தர்ற ஆள இப்பதான் பாக்கறேன், சார். பாப்பா கிட்ட சொல்லு, இன்னும் நாலு தபா வராம இருக்கட்டும்."