கல் வராத கூச்சல்

அந்த மலையில் எல்லோருக்கும் நான் நர்சம்மா. தலைச்சுமையோடு எதிரே வந்தவர்களும் சரி, பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்களும் சரி, நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். "ஏய்" என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஜீவன். அது ஒரு பச்சைக்கிளி.

தப்பு அதன் மேல் இல்லை. நான் அதற்குப் பெயரே வைக்கவில்லை. "ஏய், கொசுவலையைக் கடிக்காதே", "ஏய், பழத்தைக் கீழே தள்ளாதே" என்று விடிந்தது முதல் ஏய் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று அதுவும் முடிவு கட்டிவிட்டது. நான் தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டைத் தொட்டதும் உள்ளேயிருந்து "ஏய்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகவே ஏற்றத்தில் வேகமாக நடந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் துணை சுகாதார நிலையம். முன்னறை மருந்துக்கு, பின்னறை எனக்கு. கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மாவும் இல்லை. கணியம்பாடியில் அண்ணன் வீடு இருந்தது. லீவில் போனால் அண்ணி, "எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார். "வந்த வழியே இப்பவே போவட்டா?" என்று நானும் கேட்டுவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் போக்குவரத்து குறைந்துகொண்டே வந்தது. மலையில் ஜீப் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. மழைக்காலத்தில் சில நாட்கள், மருந்து கேட்டு வருகிறவர்களைத் தவிர ஒரு மனுஷர் முகத்தைப் பார்க்காமல் படுத்துக்கொள்வேன்.

நிலையத்தை ஒட்டி ஒருவருடைய சாமைக் காடு. கதிர் பால் பிடிக்கும் நாளிலிருந்து அறுப்புவரை அவர் பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். கிளிக் கூட்டம் வந்து இறங்கும். அவர் "ஏஹோ... ஹோய்ய்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போடுவார். கூச்சல் முடியும் முன்னே கவணிலிருந்து கல் கிளம்பிவிடும். கூட்டம் மொத்தமும் எழும்பி எதிர் மலைக்குப் போய்விடும்.

ஒருநாள் அவருடைய மனைவி முந்தானையில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பேச்சு குறைவு.

"நர்சம்மா, இதுக்கு ஒரு கட்டுப் போடுங்க."

பிரித்தால் ஒரு கிளிக்குஞ்சு. இறக்கை முளைத்துப் பறக்கப் பழகிய பருவம். ஒரு பக்க இறக்கை தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் மனுசங்களுக்குத்தான் நர்ஸு. உன் வூட்டுக்காரரு கல்லால அடிப்பாரு, நான் கட்டுப் போடணுமா?"

"குஞ்சா கீது. பாவமா இருந்துச்சி."

"பாவமா இருந்தா அந்தக் கவண எடுத்து அடுப்புல வையி."

அவள் குஞ்சை பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்து வைத்து, காஸ் துணியைக் கிழித்து, இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டினேன். நன்றிக்கு அது என் கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்தது. கட்டுப் போட்ட கிளியைப் பார்த்துப் பரண்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்க வெரட்டுற கிளிக்கு சர்க்கார் வைத்தியமா?" என்றார். ஆனால் மூங்கில் தப்பையில் கூண்டு பின்னிக் கொடுத்தவரும் அவர்தான்.

கூண்டுக் கதவை நான் கயிற்றால் கட்டுவேன். அது அவிழ்க்கும். இரட்டை முடிச்சுப் போட்டால் கொஞ்ச நேரம் முடிச்சைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு எந்த இழையை முதலில் இழுக்க வேண்டுமோ அதையே இழுக்கும். கட்டுவதை நானே விட்டுவிட்டேன். அதன் புத்தி எனக்கு முழுதாகப் புரிந்தது ஸ்டவ்வில்தான்.

ஊசி போடுவதற்கு முன் சிரிஞ்சைக் கொதிக்க வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பேன், அது உஸ்ஸென்று இரையும், தண்ணீர் கொதிக்கும், பிறகு ஊசி, பிறகு குழந்தையின் அழுகை. சில மாதங்கள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த கிளி, ஒருநாள் நான் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கத் தொடங்கியதுமே கைக்குழந்தை மாதிரி வீல் என்று அழுதது. ஊசியே இன்னும் டப்பாவில் கிடந்தது. டீ போடுவதற்கு விறகடுப்பை மூட்டினால் வாயைத் திறக்காது. ஸ்டவ் என்றால்தான் அழுகை. சத்தத்தைத் திருப்பிச் சொல்லும் பறவை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்குப் பின்னால் எது வரும் என்று அது கணக்குப் போடுகிறது. வெளியே காத்திருந்த பிள்ளைகள் உள்ளே யாருக்கோ ஊசி போட்டாகிவிட்டது என்று நினைத்து ஓட்டம் பிடித்தார்கள். "இப்படிப் பண்ணினா என் வேலை போயிடும்டி" என்று அதைத் திட்டினேன். திட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு அதைப் பரண்காரர் வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது "ஏய்" என்று கூப்பிடவில்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. கொய்யாப்பழம் கொடுத்தால் வாங்கி, என் கண் முன்னாலேயே கீழே போட்டது. நான் விட்டுவிட்டுப் போனேன் என்று அதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இது கோபித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

இறக்கை கூடிவிட்டது. வீட்டுக்குள் பறந்தது, பிறகு வாசல் புளியமரம்வரை போனது, பொழுது சாயும் முன் திரும்பி வந்தது. "போறதுன்னா போய்த் தொலையேன், யாரு பிடிச்சி வச்சிருக்காங்க" என்று வாய்தான் சொல்லும். மனசு புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏனென்றால் அடுத்த வருஷத்துச் சாமை கதிர் விட்டிருந்தது. கிளிக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. தன் இனத்தைக் கண்டால் அது போய்விடும், பிறகு அந்தப் பின்னறையில் நான் மட்டும்தான். எனக்கு வேறு பயமே அப்போது கிடையாது.

கூட்டம் வந்து புளியமரத்தில் இறங்கியது. என் கிளி உச்சிக் கிளைக்கு ஏறியது. கழுத்தை நீட்டி, இறக்கையைக் கொஞ்சம் விரித்து, "ஏஹோ... ஹோய்ய்" என்றது. அச்சு அசலாகப் பரண்காரர் குரல். இறங்கிய வேகத்தில் கூட்டம் எழும்பி எதிர் மலைக்குப் போய்விட்டது. என் கிளி மட்டும் உட்கார்ந்திருந்தது.

பரண்காரருக்குக் கொண்டாட்டம். "பரண்ல கட்டி வுடுங்க நர்சம்மா, நான் வூட்ல போய் படுத்துக்கறேன்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதிதான். கூட்டம் வரும், இது கூச்சல் போடும், அவை ஓடும், இது சாயங்காலம் என்னிடம் வரும். கவலை விட்டது என்று நினைத்தேன்.

ஆனால் கூட்டம் போன பிறகு அது இருந்த இருப்பைப் பார்க்க முடியவில்லை. உடம்பை உப்பவைத்துக்கொண்டு, எதிர் மலையையே பார்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். விரட்டியவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கழுத்தை நீட்டி இறக்கையை விரிக்கிறதே, அது நான் பூட்டைத் திறந்து உள்ளே வரும்போது "ஏய்" சொல்லுகிற அதே நிலை. அது விரட்டவில்லை. கூப்பிடுகிறது. கிளிகள் வந்தால் இதைத்தான் சொல்வார்கள் என்று குஞ்சிலிருந்தே ஜன்னலோரம் கேட்டு வைத்திருக்கிறது. கெட்டிக்காரத்தனமாகக் கற்றுக்கொண்டு, சரியான நேரத்தில் சரியாகச் சொல்லுகிறது. சொல்லச் சொல்ல அவை ஓடுகின்றன. ஏன் என்று அதற்குத் தெரியவில்லை.

பரண்காரர் மனைவியும் ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயை முந்தானையால் மூடிச் சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?" என்றேன்.

"உங்க கிளி உங்கள மாதிரியே கீது நர்சம்மா. ஆளு வந்தா வெரட்டுது."

"வந்தவங்கள நான் எங்கடி வெரட்டுனேன்? காச்சல் வந்து இத்தினி நாளா வூட்ல இன்னா பண்ணிட்டு இருந்தன்னு கேட்டா வெரட்டுறதா?"

"அத்தத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோறு வடிக்கும்போதும் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வந்தவர்களிடம் நான் என்னென்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று ஒருத்தியிடம். "இந்தப் புள்ளய இப்படியா வச்சிருப்ப?" என்று இன்னொருத்தியிடம். எல்லாம் அக்கறையில் சொன்னதுதான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டார்களா என்ற ஏக்கத்தில் சொன்னதுதான். அவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு மளமளவென்று இறங்கிப் போனதும் நினைவுக்கு வந்தது.

அறுப்பு முடிந்தது. பரண் காலியானது. பரண்காரர் கவணைச் சுருட்டி வைத்துவிட்டார். கிளிகள் மட்டும் புளியமரத்துக்கு வந்துகொண்டிருந்தன. என்னுடையது கூச்சல் போட்டது. முதலில் எதிர் மலைவரை ஓடினவை, பிறகு காட்டுக் கோடியில் இருக்கும் பலாமரத்தோடு நின்றன. பிறகு சும்மா எழும்பி ஒரு வட்டம் அடித்து மறுபடியும் அதே மரத்தில் உட்கார்ந்தன. இந்தக் கூச்சலுக்குப் பின்னால் கல் வருவதில்லை என்று கண்டுபிடித்துவிட்டன. புத்தி என்னுடைய கிளிக்கு மட்டுமா இருக்கும்?

ஒருநாள் கூட்டத்தில் ஒன்று எழும்பவே இல்லை. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என் கிளியைப் பார்த்தது. என் கிளி மறுபடியும் "ஏஹோ" என்றது. அந்தப் புதுக்கிளி இன்னும் ஓர் அடி பக்கத்தில் வந்தது. தகர டப்பாவையும் கரண்டியையும் கையில் எடுத்துவிட்டேன். ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் பறந்துவிடும். தட்டவில்லை. அத்தனை நாளும் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கிளியின் உடம்பு அப்போது ஒடுங்கி, வழவழப்பாக, குஞ்சாக வந்த நாளில்கூட நான் பார்க்காத அழகோடு இருந்தது. டப்பாவைக் கீழே வைத்தேன்.

அதன்பிறகு சில சாயங்காலங்கள் நேரம் கழித்து வந்தது. ஒரு சாயங்காலம் வரவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தேன். பூனை பாலைக் குடித்துவிட்டுப் போனதுதான் மிச்சம். நான் அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி, வெட்கமில்லாமல் அழுதேன். கிளிக்காகவா என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். கேட்கத்தான் யாரும் இல்லை.

ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பதுதான் அப்புறம் பெரிய கஷ்டமாக இருந்தது. அது உஸ்ஸென்று இரையும். அழுகை வராது. என் கை ஒரு நிமிஷம் தானாக நின்றுவிடும். முகாமிலிருந்து திரும்பினால் பூட்டைத் திறக்கும் முன் கொஞ்ச நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

மறு வருஷம் சாமை கதிர் விட்ட நேரம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. புளியமரத்தில் ஒரே கீச்சுக் கீச்சு. நடுவில் "ஏஹோ... ஹோய்ய்" என்று ஒரு குரல். பரணைப் பார்த்தேன், யாரும் இல்லை. மரத்தில் ஒரு கிளிகூட எழும்பவில்லை. அவற்றுக்கு அது பழகிப்போன ஒருத்தரின் பேச்சு. என்னுடைய கிளிதான்.

ஓடிப்போய் மரத்தடியில் நின்று "ஏய்" என்றேன். பதில் இல்லை. "ஏய், ஏய்" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். எல்லாம் ஒரே பச்சை. எது என்னுடையது என்றே தெரியவில்லை. ஏன் அப்படிச் செய்தேனோ, உள்ளே ஓடி ஸ்டவ்வைத் தூக்கி வந்து வாசலில் வைத்து, பற்றவைத்து, பைத்தியம் மாதிரி காற்றடித்தேன்.

இலைகளுக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை வீலென்று அழுதது.

மற்ற கிளிகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை போலும். மிரண்டு மொத்தமாக எழும்பின. அழுத கிளியும் அவற்றோடு எழும்பியது. எதிர் மலைக்குப் போய்விட்டது. என்னை அது மறக்கவில்லை, அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. போதும் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

பரண்காரர் மனைவி புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்தவள் வாசலில் ஸ்டவ் எரிவதைப் பார்த்து நின்றாள்.

"இன்னா நர்சம்மா, யாருக்கு ஊசி?"

'உனக்கெதுக்கு அந்தக் கவலை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"யாருக்கும் இல்ல. ஸ்டவ்வப் பத்த வச்சிட்டேன். டீ போடறேன், உள்ள வந்து குடிச்சிட்டுப் போ."

அவள் புல்லுக்கட்டை இறக்கவில்லை. தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"எனக்கா?"