கொத்தமல்லி வாடாத வீடு

என் அண்ணனால் ஒரு கட்டுக் கொத்தமல்லியை ஒரு மாதம் வாடாமல் வைத்திருக்க முடியும். வாழ்க்கையில் அவன் சாதித்தது என்று சொல்ல எனக்கு வேறொன்றும் அகப்படவில்லை.

பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தான். போல்ட்டையும் கிரீஸ் டப்பாவையும் அடுக்கி வைத்து, கேட்டு வருகிறவனை நாலு தடவை நடக்கவிட்டு, அப்புறம் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அதிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டான். அண்ணி, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மகள் வீட்டோடு தங்கிவிட்டாள். இவன் மட்டும், "அம்மாவப் பாத்துக்க ஆளு வேணுமே" என்று பெட்டியோடு கோலார் தங்கவயலில் எங்கள் ஊரிகத்துக்கு வந்து இறங்கினான். அம்மாவோடு நான் இருப்பது அவன் கண்ணில் படவே இல்லை. அண்ணி அவனிடமிருந்து தப்பித்துக்கொண்டாள் என்பதுதான் என் கணிப்பு. அதற்காக அவளை மனதாரப் பாராட்டுகிறேன்.

எங்களுடையது சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு. முன்னறை, பின்னறை, அதற்கும் பின்னால் ஓர் ஆள் நின்று திரும்புகிற அளவுக்குச் சமையல் இடம். ஃபிரிட்ஜ் முன்னறையில்தான் நிற்கும். இந்த லைனில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் வந்ததும் எங்கள் பழைய ஃபிரிட்ஜ் போய், இரண்டு கதவு வைத்த பெரியது வந்தது. அதைத் திறக்க வேண்டுமானால் வாசற்கதவைச் சாத்த வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதற்குத்தான் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

மாதம் ஒருமுறை கோலார் மொத்த மார்க்கெட்டுக்குப் போய், மாதம் முழுவதற்குமான காய்கறியைத் தெரிந்தவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். முன்னறையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவான். கொத்தமல்லியின் வேரை அறுத்து, ஃபேனுக்கு அடியில் ஈரம் போக உலர்த்தி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி டப்பாவில் வைப்பான். பச்சை மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவான். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து அடுக்குவான். வாழைப்பழச் சீப்பின் காம்புக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றுவான், அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி. உருளைக்கிழங்கு ஒரு மூலையில் என்றால் வெங்காயம் எதிர் மூலையில். இரண்டும் சேர்ந்திருந்தால் முளைவிட்டுக் கெட்டுப்போகுமாம். பிதுக்குப் பருப்புக்கு மார்கழியில் மொச்சையை உரித்து உறையப் போட்டு, சித்திரையில் குழம்பு வைக்கச் சொல்லி, "பாத்தியா, அதே ருசி" என்றான். சுண்ணாம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. நான் அதைச் சொன்னேன். என் நாக்கில் கோளாறு என்றான்.

குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. பிடித்து வைத்த தண்ணீரில் பாதி அவன் டப்பா கழுவவே போயிற்று. அந்த டப்பாக்களை அம்மா தொடவும் கூடாது. "இன்னா வேணும்னு சொல்லும்மா, நான் எடுத்துத் தரேன்" என்பான். அம்மா ரெண்டு பச்சை மிளகாய்க்கு அடுப்படியிலிருந்து முன்னறைக்கு வந்து நிற்பாள். அவன் போனில் பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோ முடிந்த பிறகு எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பான். ஸ்டோரை விட்டு அவன் வந்தானே தவிர, ஸ்டோர் அவனை விட்டுப் போகவில்லை.

இதெல்லாம் வெறும் கிறுக்குத்தனம் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகு திரும்புகிறவள். என்னை அவனால் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அம்மாவிடமிருந்து அவன் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டான்.

அம்மா தினமும் சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவாள். அப்பா சுரங்கத்தில் காலை ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிற நேரத்தில் கிளம்பிப் பழகியவள். சுரங்கத்தை மூடினார்கள், அப்பாவும் போய்ச் சேர்ந்தார், அம்மா கிளம்புகிற நேரம் மட்டும் மாறவில்லை. கால் கிலோ தக்காளி, ஒரு கட்டுக் கீரை, கொஞ்சம் இஞ்சி, அவ்வளவுதான் வாங்குவாள். அதற்குள் ஊர்ச் செய்தி முழுவதும் பைக்குள் வந்துவிடும். யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது, யார் பென்ஷனுக்காகக் கோலாருக்கு அலைகிறார்கள், எந்தச் சர்ச்சில் பாட்டுக்குழுவுக்குள் சண்டை. ராத்திரி சாப்பிடும்போது எனக்கு எல்லாவற்றையும் சொல்வாள். பொய்யும் கலந்திருக்கும். எனக்கு அது வேண்டியிருந்தது.

மாதச் சரக்கு வந்து இறங்கியதோடு அது நின்றது. சாப்பாட்டு நேரத்தில் இப்போது அண்ணன்தான் பேசினான். பழுத்த பழத்திலிருந்து ஒரு கேஸ் வரும், அது பக்கத்தில் இருக்கிற வெள்ளரிக்காயை மஞ்சளாக்கிவிடும் என்று கையில் சோற்றோடு விளக்குவான். அம்மா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். சாயங்காலங்களில் தலை வாரி, புடவையைச் சரிசெய்துகொண்டு, முன்னறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். விடுமுறை நாட்களில் நானே பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

"அம்மா மார்க்கெட்டுக்குப் போவட்டுமேண்ணா" என்று ஒருநாள் கேட்டேன். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினான். "எதுக்கு? இன்னா இல்லன்னு சொல்லு, பாப்போம்." எல்லாம் இருந்தது. இப்படி ஒரு முட்டாளிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது?

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் கொத்தமல்லி டப்பாவைத் திறந்தால் உள்ளே பச்சையாக ஒரு கூழ். அண்ணனுக்குக் கொத்தமல்லி இல்லாமல் ரசம் இறங்காது. வேறு வழியில்லாமல் அம்மாவிடம் பையைக் கொடுத்து அனுப்பினான். அடுத்து வெள்ளரிக்காய் மஞ்சளானது. வெங்காயம் முளைவிட்டது. ஊறுகாயில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அம்மா மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள்.

அண்ணன் விசாரணையில் இறங்கினான். கரண்ட் போய்ப் போய் வருவதால்தான் என்றான். டப்பா மூடியின் ரப்பர் சரியில்லை என்றான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மோட்டார் போடும்போது வோல்டேஜ் இறங்குகிறது என்று சொல்லி, அவர்களிடம் போய் வம்பும் இழுத்தான். அவர்கள் அவனைப் பார்த்த பார்வையை நினைத்து நான் ரொம்ப நாள் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தது. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா வெள்ளரிக்காய்க்கு நடுவில் பழுத்த வாழைப்பழம் ஒன்றைச் செருகி மூடிக்கொண்டிருந்தாள். ஈரக் கரண்டி ஊறுகாய் ஜாடிக்குள் நின்றது. வெங்காயக் கூடைக்கு அடியில் உருளைக்கிழங்கு ஒளிந்திருந்தது. எதையெல்லாம் செய்தால் கெட்டுப்போகும் என்று அவன் தினமும் சாப்பாட்டில் சொன்னானோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்திருந்தாள். அவன் பேச்சை இந்த வீட்டில் ஒருவர் கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்டும் காணாமல் பின்னறைக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு, நானும் முன்னறையில் இருந்தபோது, அண்ணன் தூக்கத்திலிருந்து சீக்கிரம் எழுந்துவிட்டான். அம்மா கொத்தமல்லி டப்பாவைத் திறந்து வைத்து, டம்ளரில் கைவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"தண்ணி தெளிக்கிறேன்."

"அழுவிப்போயிடும்மா."

"தெரியும். நீதான சொன்ன."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான், நான் சொல்லிக் கொடுத்தேன் என்பது போல. பிறகு அம்மாவிடம், "அப்ப வெங்காயம், ஊறுகா எல்லாம்?" என்றான்.

"எல்லாம் நான்தான். வூட்ல காயி இருந்தா நான் எங்கடா போறது?"

"வெளிய போவணும்னா சொல்லவேண்டிதான? சாயந்திரத்துல வாக்கிங் போயேன். ஒடம்புக்கும் நல்லது."

இதை அவனால் சொல்ல முடிந்தது. அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கையில பை இல்லாம ரோட்ல சும்மா நடக்கறதுக்கு நான் இன்னா வேலவெட்டி இல்லாதவளா? எங்க போறன்னு கேட்டா இன்னா சொல்றது?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மூணு மாசம் நான் அந்தப் பக்கம் போவல. மொதமொதல்ல கொத்தமல்லி அழுவிப்போச்சின்னு போனேனே, அன்னிக்குக் கீரக்காரி என்னப் பாத்ததும் எழுந்து நின்னுட்டா. கையப் புடிச்சினு அழுவறா. நான் செத்துட்டேன்னு நெனச்சினு இருந்தாளாம். எந்த லைன்ல எந்த வூடுன்னு தெரியாம, யாரப் போய்க் கேக்கறதுன்னு இருந்தாளாம்."

அண்ணன் டப்பா மூடியை எடுத்து, மூடாமலே டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். அதைப் பார்த்து அவன் மேல் எனக்கு இருந்த எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தலையை வாரி, பையை எடுத்து உதறி மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்ததால் வாசற்கதவைத் திறக்க முடியவில்லை. அண்ணன் அதைச் சாத்தி வழிவிட்டான். சாத்தியவனால் சும்மா இருக்க முடியவில்லை. கேட்டு வருகிறவனுக்கு எடுத்துக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் அவனால் இருக்க முடியாது.

"சரி, போயிட்டு வா. நெறைய வாங்கினு வந்துடாத, வெக்கறதுக்கு எடம் இல்ல."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "கொஞ்சமாத்தான்டா வாங்குவேன். நாளிக்கும் போவணுமில்ல."