கட்டிலுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

நர்ஸ் வேலையில் கைக்கு ஓய்வு கிடையாது. மனசு மட்டும் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம். பரீட்சைக்காக இங்கிலீஷ் வார்த்தைகளை விழுங்கி, விழுங்கியதை மறுநாளே தொலைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எனக்கு உறவுக்காரர்கள்.

எண்பதுகளில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே, அமெரிக்கா போகிற நர்சுகளுக்கான ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாரானேன். எரியோட்டில் இருந்த அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: பாஸானால் அமெரிக்கா, ஃபெயிலானால் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையும் தயார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருந்த தண்டபாணி. போட்டோவில் பார்த்ததோடு சரி. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் எனக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொடைரோடு ஸ்டேஷனில் ரயில் நகரும்போதெல்லாம் எனக்குள்ளும் ஏதோ ஒன்று நகரும். அவ்வளவுதான்.

மந்திரம்

புத்தகத்தை விரித்து உட்கார நேரம் ஏது? அதனால் காலையில் டூட்டிக்கு வந்ததும் கட்டிலுக்கு ஒரு வார்த்தை வைப்பேன். வார்த்தையும் ஆளும் பொருந்த வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒல்லி அம்மாவுக்கு ‘ஃப்ராஜைல்’, சுலபமாக உடையக்கூடியது. பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் ஓயாமல் பேசுவார், அவர் ‘டாக்கடிவ்’. நாடி பிடிக்கும்போது அவரவர் வார்த்தையை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். ஜன்னல் காற்றும் முணுமுணுப்புமாக அந்தக் காலை நேரங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

கூட வேலை பார்த்த ஸ்டெல்லா சில நாள் இதைக் கவனித்துவிட்டுக் கேட்டாள்: “ஏன்டி, டாக்டர் மருந்து எழுதிட்டுப் போயிருக்காரு. நீ எதுக்கு மந்திரிச்சுக்கிட்டு நிக்கிற?”

ஆள் போனால் வார்த்தையும் போச்சு

இந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. ஆள் டிஸ்சார்ஜ் ஆனதும் வார்த்தையும் கூடவே வீட்டுக்குப் போய்விடும். சித்தையன்கோட்டை விவசாயி ஒருவர் மண்வெட்டி காலில் பட்டு வந்திருந்தார். ஊசி என்றால் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவருக்கு ‘ரிலக்டன்ட்’, மனசில்லாமல் இணங்குவது. அவர் ஊருக்குப் போன மறுநாள், அந்தக் கட்டில்முன் நின்று எவ்வளவோ யோசித்தும் வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரம் கட்டு மாற்ற வந்தார். அந்தக் கடுகடுத்த மூஞ்சியைப் பார்த்ததும் வார்த்தை தானாக வந்து நின்றது. தாங்க முடியாத சந்தோஷத்தில் வாசல்வரை போய் “வாங்க, வாங்க” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவர் ஸ்டெல்லாவிடம் மெதுவாகச் சொன்னார்: “ஊசி போடுற பிள்ள இம்புட்டுச் சந்தோசமாக் கூப்புடுதே, எனக்குப் பயமால்ல இருக்கு.”

ஜன்னலோரக் கட்டில்

கால் ஒடிந்து வந்த பாப்பாத்தியம்மா மல்லிகைத் தோட்டக்காரி. ஜன்னலோரக் கட்டில் என்பதால் அவளுக்கு ‘ஹொரைசன்’, வானமும் பூமியும் தொடுகிற இடம். ஒருநாள் மத்தியானம் அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். கூரைகளுக்கு அப்பால் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் கிடந்தது. அதற்கும் அப்பால் வெளுத்த வானம். அங்கே போய்த் தொட்டால் அதற்கும் அப்பால் ஒன்று இருக்கும், அதையும் தாண்டினால் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் எனக்கென்று ஒரு சின்ன அறை, அதன் ஜன்னலில் பனி. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

பாப்பாத்தியம்மா தானே தெர்மாமீட்டரை எடுத்து என் கையில் கொடுத்தாள். “ஏத்தா, ஒடம்பு இங்கன நிக்குது. நீ எங்கன போயிட்டு வார?”

மெட்ராசில் எங்கள் வார்டு

பரீட்சை மெட்ராசில். கேள்வித்தாளைப் பார்த்ததும் தலைக்குள் ஒன்றுமே இல்லை. கண்ணை மூடினேன். எங்கள் வார்டு வந்தது. கட்டில் கட்டிலாக நடந்தேன். போர்வையை விலக்கி ஒவ்வொருவராக முகம் காட்ட, ஒவ்வொரு விடையாகக் குறித்தேன். டெட்டால் வாசனைகூட வந்தது. மேற்பார்வை பார்த்தவர் பக்கத்தில் வந்து குனிந்தார்: “ஏம்மா, பரீட்சை எழுதறியா, கனா காணறியா?”

முருங்கைக்காய்

ரிசல்ட் வராத நாட்களில் ஒரு சாயங்காலம், தண்டபாணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, அதில் முருங்கைக்காய். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கொண்டு வருவார்கள், ஹார்லிக்ஸ் கொண்டு வருவார்கள். முருங்கைக்காய் கொண்டுவந்து நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். வராந்தா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்றார். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. கட்டில் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். மாலை வெயில் வராந்தாவில் நீண்டுகொண்டே போனது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எழுந்து வேலையைப் பார்க்கலாம் என்றால் கால் எழவில்லை.

“நான் ஃபெயிலானா உங்களுக்கு நல்லதுதானே?” என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“ஏனுங்க, அப்படிச் சொல்லாதீங்க. நீங்க பாஸாகோணும். ஃபெயிலானதுக்குக் கெடச்ச மாப்பிள்ளையா ஆயுசுக்கும் உங்க முன்னால உக்கார என்னால ஆகாதுங்க.”

பாஸானால் அவரை விட்டுப் போக வேண்டும், ஃபெயிலானால் அவரைக் கட்டிக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்ட அந்தப் பரீட்சையை, நான் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணித் தொலைத்தேன்.